தார் ரோட்டில் கொள்ளு

வடிவின் வீடு பூந்தமல்லியில் ரோடு வளைகிற முனையில் இருந்தது. எதிரே எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தின் மதில். காலையில் நான் வகுப்பெடுக்க வரும்போது அவள் வாசலில் ஏதாவது ஒரு வேலையில் இருப்பாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இருபத்தெட்டு வயது, ஒடிசலான தேகம், தெருக்கோடி வரை கேட்கும் குரல். முக்கால் ஏக்கர் மேட்டு நிலத்தில் அவளே விதைத்தாள், அவளே களையெடுத்தாள், அவளே அறுத்தாள். புருஷன் உலகநாதனுக்கு மண் ஒத்துவரவில்லை. அவன் பட்டணத்துக்கு ஓடும் பஸ்களின் ஷெட்டில் மெக்கானிக். நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது உன் டிபார்ட்மெண்டு" என்று சொல்லிவிட்டுக் கையிலிருக்கும் எண்ணெய்க் கறையைத் துடைக்கத் தொடங்கிவிடுவான்.

அவள் போடுவது பெரும்பாலும் கொள்ளு. மாசி மாதத்தில் செடியை வேரோடு பிடுங்கிக் காயவைப்பாள். பிறகு அடிக்க வேண்டும். மாடு கட்டி மிதிக்க அவளிடம் மாடு இல்லை. அந்த முனையிலிருந்த வீடுகளில் யாரிடமும் இல்லை. ஆகவே எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். செடியை ரோட்டில் பரப்பிவிட்டு பஸ் வரும் வரை காத்திருப்பாள். சக்கரம் ஏறினால் காய் வெடித்து மணி உதிரும். கவைக்கொம்பால் செடியைப் புரட்டிப்போட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பாள்.

இதற்கென்று பஸ்காரர்களுக்கும் அந்தப் பெண்களுக்கும் நடுவில் ஒரு சைகை இருந்தது. முறத்தைத் தட்டு மாதிரி படுக்கையாகப் பிடித்தால், செடி பரப்பியிருக்கிறது, ஏறி வா என்று அர்த்தம். முறத்தைத் தலைக்கு மேலே நிமிர்த்திப் பிடித்தால், ஏறாதே, மணியை அள்ளிக்கொண்டிருக்கிறோம், நில் என்று அர்த்தம். அந்த ரோட்டில் பஸ் ஓட்டியவர்கள், பழுது பார்த்தபின் ஓட்டிப் பார்க்கும் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் இது பழக்கம். முறம் நிமிர்ந்ததும் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும்.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு முந்தைய சில வருஷங்கள், மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பூந்தமல்லியில் மோட்டார் பந்தயம் நடந்தது. கண்டோன்மெண்ட் மைதானத்தருகே தொடங்கி, கடைத்தெரு வழியாக வந்து, எங்கள் முனையில் வளைந்து, திரும்பவும் மைதானத்துக்கே போகும் இரண்டரை மைல் சுற்று. பட்டணத்து மோட்டார் சங்கத்தார் நடத்தினார்கள். மூன்றாவது வருஷப் பந்தயத்தில் ராஜசேகரன் என்பவர் தம் வண்டியில் உடன் உட்கார உலகநாதனைக் கூப்பிட்டார். அவர் பட்டணத்தில் பெரிய மரவாடி வைத்திருந்தவரின் மகன். ஒருமுறை அவருடைய பச்சை நிற வண்டி எங்கள் ஊரில் நின்றுபோனபோது, அதை அரை மணியில் ஓடவைத்தவன் உலகநாதன். பந்தயத்தில் அவனுக்கு வேலை எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்ப்பது, பின்னால் யார் வருகிறார்கள் என்று சொல்வது, வழியில் கோளாறு வந்தால் குதித்துச் சரிசெய்வது.

பந்தயத்துக்கு முந்தைய நாள் சாப்பிடும்போது வடிவு கேட்டாள்.

"எத்தினி வண்டி ஓடும்?"

"பன்னெண்டு."

"எத்தினி தபா சுத்தும்?"

"இருவது. ஏன்மே, நீ ஓட்டப் போறியா?"

"ஓட்னா உன் மொதலாளிய வுட நல்லாத்தான் ஓட்டுவேன்."

உலகநாதன் சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. "அந்தாளு இந்த வருசம் ஒரு முடிவோட கீறாரு. போன வருசம் மஞ்சக்கொடி ஆட்னாங்கன்னு மெதுவாப் போனாராம். அதுல ஜெயிக்கறது போச்சாம். இந்த தபா எவன் இன்னா கொடி ஆட்னாலும் கால எடுக்க மாட்டேன்னுட்டாரு."

"நீ சொல்லக் கூடாதாய்யா?"

"சொல்றதுக்கு நான் யாரு? எண்ணெ பாக்கறவன்."

அவன் தூங்கிய பிறகும் வடிவு மனசுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வண்டி, இருபது சுற்று. பஸ் ஒரு நாளைக்கு எட்டு முறைதான் முனையைக் கடக்கும். ஒரு மாதம் பஸ் ஏறினால் எவ்வளவு அடிபடுமோ அவ்வளவும் ஒரு காலையில் அடிபட்டுவிடும். போதாததற்குப் பந்தயத்துக்காகவே முனையில் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். பழைய கப்பி ரோட்டில் அடித்த கொள்ளில் பாதி கல்லாக இருக்கும். இந்தத் தாரில் ஒரு கல் கலக்காது. பரப்பாமல் விடுவதுதான் முட்டாள்தனம் என்று அவளுக்குத் தோன்றியதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவள் இடத்தில் அந்த முனையிலிருந்த எவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

காலையில் சங்கத்தாரின் வண்டி ஒன்று ரோட்டைப் பார்வையிட்டபடி போயிற்று. அது கண்ணில் மறைந்ததும் வடிவு கட்டுக் கட்டாகக் கொள்ளுச் செடியைக் கொண்டுவந்து, வளைவைத் தாண்டி, தன் வீட்டெதிரே நாற்பதடி நீளத்துக்குப் பரப்பினாள். பக்கத்து வீட்டு முனியம்மா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"இன்னாமே, தொரைங்களுக்குப் பந்தி போட்றியா?"

"வேணும்னா நீயும் ஒரு கட்டு கொண்டாந்து போடு."

"நான் மாட்டேன்மா. சக்கரத்துல கிக்கரத்துல சுத்திகிச்சின்னா?"

"பஸ் சக்கரத்துல சுத்தாதது இதுல சுத்திடுமா? போமே."

அந்த முனையில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் திருமுல்லைவாயில்காரர். அவரும் வந்து பார்த்தார். வடிவு கொஞ்சம் பயந்துதான் போனாள்.

"இன்னாம்மா, கொள்ளா?"

"ஆமாங்க."

"நல்லாக் காஞ்சிகீது. எங்கூட்லயும் இப்டிதான் போடுவாங்க. ஆனா ஜனம் எறங்கக் கூடாது, ஆடு மாடு நாய் எறங்கக் கூடாது. எனுக்கு ஆர்டர் அவ்ளோதான்."

கொடி காட்டுகிற துரை வளைவுக்கு முன்னால், எங்கள் பள்ளிக்கூடத்து மதில் தொடங்கும் இடத்தில் நின்றார். மதிலும் புளியமரங்களும் மறைத்ததால் வளைவுக்கு அந்தப்பக்கம் கிடந்தது அவர் கண்ணில் படவில்லை.

ஏழு மணிக்கு மைதானத்தில் வெடிச்சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டு வண்டிகளும் ஒன்றை ஒன்று முட்டுகிற மாதிரி வளைந்து வந்து செடிமேல் ஏறிப் போயின. காய்கள் படபடவென்று வெடித்தன. வடிவு முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஏழாம் நம்பர் பச்சை வண்டியில் உலகநாதன் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, வருகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான். ரோட்டில் கிடந்ததையும் பார்க்கவில்லை, வாசலில் நின்றவளையும் பார்க்கவில்லை.

முதல் மூன்று சுற்றில் ஒன்றும் ஆகவில்லை. பனி ஈரத்தில் செடி சக்கரத்தைக் கவ்வியே பிடித்தது. வண்டிகள் போனதும் அவள் ஓடிவந்து கவைக்கொம்பால் புரட்டிப்போட்டாள். போலீஸ்காரர், "சீக்கிரம், சீக்கிரம்" என்று மட்டும் சொன்னார்.

நான்காவது சுற்றுக்குள் சக்கரங்கள் ஏறி ஏறி ஈரம் போய்விட்டது. செடி சருகாகிக் காற்றில் ஓரத்துக்குப் பறந்தது. மணி மட்டும் வழவழப்பான தார்மேல் அப்படியே கிடந்தது. ஐந்தாம் நம்பர் வண்டி அதன்மேல் வந்தபோது அதன் பின்பாகம் பாம்பு வால் மாதிரி ஒருமுறை இந்தப்பக்கமும் ஒருமுறை அந்தப்பக்கமும் வீசியது. ஓட்டியவர் எப்படியோ நேராக்கிக்கொண்டு போய்விட்டார்.

முனியம்மா, "அடியே வடிவு" என்றாள். 

வடிவு ரோட்டில் இறங்கிக் காலால் தேய்த்துப் பார்த்தாள். கால் வழுக்கியது. அவள் விளக்குமாற்றை எடுத்துவர வீட்டுக்குள் ஓடி வெளியே வருவதற்குள் மூன்றாம் நம்பர் வண்டி வந்துவிட்டது. வளைவிலிருந்து வெளிப்பட்ட வேகத்தில் அது அப்படியே குறுக்கே திரும்பி, ரோட்டோரத்துப் புளியமரத்தில் இடித்து நின்றது. ஓட்டிய வெள்ளைக்காரர் தூக்கி எறியப்பட்டு வாய்க்காலில் விழுந்தார். ஜனங்கள் ஓடிப்போய்த் தூக்கினார்கள். உயிர் இருந்தது. ஒரு கை தோளிலிருந்து கோணலாகத் தொங்கியது.

சத்தம் கேட்டுக் கொடிக்காரத் துரை மஞ்சள் கொடியைப் பலமாக ஆட்டத் தொடங்கினார். அடுத்து வந்த வண்டிகள் வேகம் தணித்து ஓரமாக ஊர்ந்து போயின. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். வடிவு மட்டும் விடவில்லை. ஏழாம் நம்பர் அந்தச் சுற்றில் வரவேயில்லை. எங்கே நின்றதோ தெரியவில்லை. அது நின்றே போயிருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

அவள் பெருக்கினாள். பெருக்கப் பெருக்க மணி தாரில் சிதறி இன்னும் அகலமாகப் பரவியது. போலீஸ்காரர் வெளிறிப்போய் வந்து நின்றார்.

"யாரும்மா இத்தப் போட்டது?"

"நீதான பாத்துகினு நின்னே!"

அவர் லத்தியால் மணியை ஓரத்துக்குத் தள்ளப் பார்த்தார்.

அப்போது சைக்கிளில் ஒரு ஆள் கடைத்தெருப் பக்கமிருந்து வந்தான். உலகநாதனின் ஷெட்டில் வேலை செய்கிற தேவராஜ். வீட்டு வாசலில் காலை ஊன்றி நின்று, வெற்றி பெற்றவன் மாதிரிக் கத்தினான்.

"அண்ணி! மைதானத்தாண்ட பிளக்கு புட்டுகிச்சி. நான் கெளம்பறப்பவே அண்ணன் பாதி மாத்திட்டாரு. பாக்கி வண்டிங்களப் புடிக்கணும்னு இன்னா வேகமா வரப் போவுது தெரிமா? பேய் மாரி!"

"எங்க வருது?"

"இந்நேரம் கடைத்தெரு வந்திருக்கும்."

வடிவு விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கொடிக்காரத் துரையிடம் ஓடினாள். காலையிலிருந்தே மதிலுக்குள் நின்று பந்தயம் பார்த்துக்கொண்டிருந்த நான் இதையும் பார்த்தேன். அவள் வளைவைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். அவருக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. ரோட்டைவிட்டுப் போ என்று ஆங்கிலத்தில் கத்தினார். கையிலிருந்த கொடியைக் காட்டினார். நான்தான் ஆட்டுகிறேனே, பார் என்பது போல. கொடியைக் கண்டு காலை எடுக்காத ஒருவர் வந்துகொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நான் ஆங்கிலத்தில் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் அவள் திரும்பி வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் முறம் இருந்தது.

துரையைத் தாண்டி, கடைத்தெருப் பக்கமாக அவள் ஓடினாள். புடவை காலில் சிக்கி ஒருமுறை விழுந்து எழுந்தாள். நூறு கெஜம் போயிருப்பாள். தூரத்தில் பச்சை வண்டி தெரிந்தது. சத்தம் அதற்கு முன்பே வந்துவிட்டது. தகரத்தைக் கிழிப்பது போன்ற அந்தச் சத்தத்துக்கு ரோட்டோரம் நின்றவர்கள் தாமாகவே இரண்டடி பின்னால் போனார்கள். வடிவு ரோட்டின் விளிம்பில் நின்று முறத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே நிமிர்த்திப் பிடித்தாள். கத்தவில்லை. கத்தினாலும் கேட்டிருக்காது.

ராஜசேகரன் அவளைப் பார்த்தாரோ இல்லையோ. பார்த்திருந்தாலும் பட்டணத்துக்காரருக்கு அது ரோட்டோரம் நிற்கும் ஒரு பொம்பளை, கையில் ஒரு முறம், அவ்வளவுதான். உலகநாதன் முன்னால் பார்த்தானா பின்னால் பார்த்தானா என்று எனக்கு நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. வண்டி அவளைக் கடந்தது. வேகம் குறையவில்லை. துரையின் மஞ்சள் கொடியையும் கடந்தது. எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது.

அப்புறம்தான் கேட்டது, சக்கரங்கள் நாலும் ஒரே சமயத்தில் அலறுகிற சத்தம்.

வண்டி பக்கவாட்டில் வழுக்கி, எங்கள் மதிலை உரசிக் காரையைப் பெயர்த்து, வளைவின் தொடக்கத்தில் குவித்திருந்த சரளைக்கல் மேட்டில் முன்சக்கரத்தை ஏற்றி நின்றது. புழுதி அடங்கியபோது உலகநாதனின் கை இன்னும் கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தது. ராஜசேகரன் கண்ணாடியைக் கழற்றினார். முதலில் அவனைப் பார்த்தார். பிறகு கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"பயந்தாங்கொள்ளி! யாரைக் கேட்டுப் பிடிச்சே?"

உலகநாதன் பிரேக்கை விட்டான். இறங்கினான். மூச்சிரைக்க ஓடிவந்த வடிவையும் அவள் கையிலிருந்த முறத்தையும் பார்த்தான். நாலடி நடந்து வளைவுக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தான்.

"நீயா?"

அவள் தலையசைத்தாள்.

"முறத்த உள்ள கொண்டு போய் வையி. எவன் கேட்டாலும் வாயத் தொறக்காத."

ராஜசேகரனின் வண்டி பாதி ரோட்டை மறித்துக் கிடந்ததால் துரை சிவப்புக் கொடியைப் பிடித்துப் பந்தயத்தை நிறுத்தினார். அந்த இடைவேளையில் முனையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் விளக்குமாறும் சாக்கும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. போலீஸ்காரர் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுப் புளியந்தழையை ஒடித்து அவரும் பெருக்கினார். சங்கத்தார் கண்டோன்மெண்டிலிருந்து வந்து சேர்ந்தபோது தார் ரோடு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு மணி கிடையாது. மூன்றாம் நம்பர் ஏன் மரத்தில் இடித்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. அதிக வேகம் என்று எழுதிக்கொண்டார்கள். பந்தயம் மறுபடி தொடங்கியது. பச்சை வண்டியின் அச்சு வளைந்துவிட்டதால் அது மட்டும் கலந்துகொள்ளவில்லை.

வடிவு அன்று தப்பித்திருக்கலாம். தெரு முழுக்க அவள் பக்கம்தான் இருந்தது. ஆனால் பரிசு கொடுக்கிற கூடாரத்துப் பக்கம் போய்விட்டு வந்த முனியம்மா வாசலில் நின்று சொன்னாள்.

"உம் புருசனோட மொதலாளி ஊரெல்லாம் சொல்லிகினு கீறாருமே. எவளோ ஒரு பொம்பளயப் பாத்துப் பயந்து பிரேக்கப் புட்ச்சிட்டான், இவன்லாம் ஒரு மெக்கானிக்கான்னு. ஷெட்டுப் பசங்க, இன்னா மச்சான், நனைஞ்சிட்ச்சானு கேக்கறானுங்க. உம் புருசன் கம்பத்தப் புட்ச்சிகினு மண்ணு மாரி நிக்குது."

வடிவு சாக்கிலிருந்து ஒரு முறம் நிறையக் கொள்ளு அள்ளினாள். நேரே ரோட்டைக் கடந்து என்னிடம் வந்தாள்.

"டீச்சரம்மா, உங்களுக்கு அவங்க பாஷ தெரியும்ல. வாங்க."

நான் தயங்கினேன். அத்தனை ஆண்கள் இருக்கும் இடத்துக்கு நான் போனதில்லை. அவள் காத்திருக்கவில்லை, முன்னால் நடந்துவிட்டாள். நான் பின்னால் போனேன்.

கூடாரத்தில் சங்கத்துக் காரியதரிசியின் மேஜைமேல், கோப்பைகளுக்கு நடுவில், அவள் முறத்தை வைத்தாள். மணிகளில் தார் ஒட்டிக் கறுத்திருந்தது. "நான்தான் ரோட்ல போட்டேன்" என்றாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.  மூன்றாம் நம்பரை ஓட்டியவர் கட்டுப்போட்ட கையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவர் மெல்ல நிமிர்ந்தார்.

காரியதரிசியின் முதல் கேள்வியை மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. மற்ற வண்டிகளைக் கவிழ்க்க உன் புருஷன்தான் போடச் சொன்னானா என்று கேட்டார். கம்பத்தருகே நின்ற உலகநாதன் தலை தூக்கினான். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எதிரிலிருந்த முகங்களைப் பார்த்து அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். பயந்தாங்கொள்ளி என்ற பேரைத் துடைக்க வந்தவள், அவனுக்கு அதைவிடப் பெரிய பழியைத் தேடிக்கொடுத்துவிட்டாளோ என்று எனக்குத் தோன்றியது.

கடைசியில் நான் தமிழில் சொன்னதைக் கேட்டுவிட்டு வடிவு காரியதரிசியையே பார்த்தாள்.

"எம் புருசன் வர்ற ரோட்லயே நான் அதுக்குக் குழி வெட்டுவேனா? கொள்ளு அடிக்கப் போட்டேன். தெனம் பஸ் ஏறுதே, அதே மாரி. பஸ் எட்டு தபா வரும். நீங்க எரநூத்தி நாப்பது தபா வர்றீங்க. அதான் போட்டேன். வழுக்கும்னு தெரிஞ்சதும் அதான் போய் முறத்தப் புட்ச்சேன். அது பாத்துச்சி, நிறுத்திச்சி. பயந்து இல்ல."

முறத்தைப் படுக்கவைத்தும் நிமிர்த்தியும் காட்டினாள். மணிகள் மேஜைமேல் கொட்டி நாலாபக்கமும் ஓடின. நான் அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். கட்டுப்போட்ட வெள்ளைக்காரர் ஒரு மணியை எடுத்து விரலுக்கிடையில் உருட்டினார். அவர் மலைத் தோட்டத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் எவ்வளவு அடிபட்டது என்று கேட்டார்.

"முக்காவாசி" என்றாள் வடிவு.

அவர் சிரிக்கப் பார்த்தார். தோள் வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். இவள்மேல் புகார் இல்லை என்று காரியதரிசியிடம் சொன்னார். காரியதரிசிக்கு அது பிடிக்கவில்லை. மீதிக் கொள்ளையும் வண்டியனுப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். சாட்சிக்கு என்றார். அது திரும்பி வரவில்லை.

ராஜசேகரன் உலகநாதன் முன்னால் போய் நின்றார். "என்கிட்ட ஏன் சொல்லலே?"

"இன்னான்னு சார் சொல்றது? முறம் நிமிந்து இருந்திச்சி."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த அறை எல்லோர் முன்னாலும் விழுந்தது. வடிவு அதைக் கடைசி வரை மறக்கவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து அச்சு மாற்றிய பச்சை வண்டி அவர்கள் வாசலில் வந்து நின்றது. அடுத்த வருஷத்துக்கும் அவன்தான் வேண்டும் என்று ராஜசேகரன் வண்டியிலிருந்து இறங்காமலே கேட்டார். உலகநாதன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள், "அது உன் டிபார்ட்மெண்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த பந்தயத்துக்குப் பத்து நாள் முன்பு சங்கத்தார் ஒரு விளம்பரத்தைத் தமிழில் எழுதித் தரச்சொல்லி என்னிடம் அனுப்பினார்கள். பந்தய நாளில் சாலையில் எந்தத் தானியமும் பரப்பலாகாது என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் மதிலிலேயே அதை ஒட்டினார்கள். வடிவு வந்து படித்துக் காட்டச் சொன்னாள்.

"எம் பேரு போட்டிருக்கா?"

"இல்லை."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு நிலத்துக்குப் போனாள்.

யுத்தம் வந்து பந்தயம் நின்றுபோகும் வரை, ஒவ்வொரு வருஷமும் அந்தச் சனிக்கிழமை விடியும்போது அவள் வளைவு முழுவதையும் பெருக்கினாள். யாரும் சொல்லி அல்ல. பெருக்கி முடித்ததும் வாசலில் உட்கார்ந்துகொள்வாள். உலகநாதன் உட்கார்ந்து வரும் வண்டியைக்கூடப் பார்க்க மாட்டாள். சத்தத்தை மட்டும் எண்ணுவாள். மற்ற நாட்களில் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் முறத்தை அன்றைக்கு மட்டும் தரையில் படுக்கையாக வைத்திருப்பாள். நிமிர்ந்திருந்தால் அவன் நிறுத்திவிடுவான்.